அப்பாவின் டைரக்டர்

2004-ம் ஆண்டின் தொடக்கம். நந்தனம் சிக்னலைத் தாண்டி ஒரு காம்பவுண்டு சுவரில் புதுப் பட போஸ்டர் ஒட்டியிருந்தது. ஆபீஸ் முடிந்து நடந்து வந்தவர், அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். 'கண்களால் கைது செய்.' இயக்கம் பாரதிராஜா. இசை ஏ.ஆர்.ரஹ்மான். வசனம் சுஜாதா.

வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்கு அன்று அவர் மூச்சு வாங்காமல் ஏறினார் என்று அவர் மனைவி பிறகு சொல்லிச் சிரிப்பார்.

"ஞாயித்துக்கிழமை யாரும் எந்த வேலையும் வச்சுக்காதீங்க. படத்துக்குப் போறோம்."

வழக்கமாக அந்த வீட்டில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு சண்டை நடந்து முடிந்துவிடும். இந்த முறை நடக்கவில்லை. மூன்று பேருக்கும் மூன்று காரணங்கள் அந்த ஒரே போஸ்டரில் இருந்தன. அவருக்கு பாரதிராஜா. வார இதழ்களில் வந்த தொடர்களைக் கிழித்து, தைத்து, அட்டை போட்டு வைத்திருந்த அவர் மனைவிக்கு சுஜாதா. விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மகளுக்கு ரஹ்மான். பாட்டுகளை அவள் ஏற்கெனவே கேட்டுத் தீர்த்திருந்தாள்.

அந்த ஆண்டு அவருக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. குடியரசு தினத்தையொட்டி அறிவித்த பத்மஸ்ரீ பட்டியலில் பாரதிராஜாவின் பெயர் இருந்தது. பேப்பரில் அந்தச் செய்தியை வெட்டி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். தனக்கே பதவி உயர்வு வந்ததுபோல ஆபீஸில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார் என்பது பின்னாளில்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

ஊர்க்காரர்

அவர் தேனிப் பக்கம். அப்போது அது மதுரை மாவட்டம். 1975-ல் அரசு வேலை கிடைத்து மெட்ராஸுக்கு வந்தார். முதல் வேலையாக, வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார். அவர் 'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்றால் செக்‌ஷனில் இருந்தவர்கள் அதையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். கெட்ட மனதோடு அல்ல. ஆனாலும் தினமும் நடந்தது. டீ குடிக்கப் போகும்போதுகூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்.

1977-ல் '16 வயதினிலே' வந்தது. அந்தப் படத்தில் மனிதர்கள் ஸ்டுடியோ செட்டில் இல்லாமல் நிஜமான மண்ணில் நடந்தார்கள். கோவணம் கட்டிய சப்பாணியாக கமல்ஹாசன். மயிலாக ஸ்ரீதேவி. பரட்டையாக ரஜினிகாந்த். படம் ஓடிக்கொண்டிருந்த இருட்டில் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: நம் ஆட்கள் பேசுவதுபோலப் பேசுகிறார்கள், யாரும் சிரிக்கவில்லை.

டைரக்டர் அல்லிநகரத்துக்காரர் என்றும், சினிமாவுக்கு வருவதற்கு முன் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர் என்றும் தெரிந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. நம்மைப்போல ஒரு கவர்ன்மென்ட் வேலைக்காரன், நம்மூரிலிருந்து கிளம்பி வந்து, கன்னடத்தில் புட்டண்ணா கனகலிடம் உதவியாளராக இருந்து, இதைச் செய்திருக்கிறான். அவர் செய்யாத ஒன்றை அவருக்காக யாரோ செய்துவிட்டதுபோல இருந்தது. மறுநாள் ஆபீஸில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகப் பேசினார். இந்த முறை சிரித்தவர்கள், "என்னய்யா, பரட்டை ஊரா?" என்று கேட்டார்கள். அது வேறு மாதிரியான சிரிப்பு.

அடுத்த ஆண்டு 'கிழக்கே போகும் ரயில்'. அதுவும் கிராமம். உடனே ஒரு பேச்சு கிளம்பியது. இந்த மனிதருக்குக் கிராமம் மட்டும்தான் வரும், பட்டணத்துக் கதை வராது என்றார்கள். அதற்குப் பதிலாகவே 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. 1978. பங்களா, கார், கோட்டு சூட்டு, கறுப்புப் பூனை, ரோஜாத் தோட்டம். பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கும் பணக்கார இளைஞனாக கமல். துணிக்கடையில் வேலை பார்க்கும், அவனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ளும் சாரதாவாக ஸ்ரீதேவி.

அவருக்கும் அந்த ஆண்டுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத புது மனைவியை அவர் மெட்ராஸில் முதன்முதலாக அழைத்துப்போன படம் 'சிகப்பு ரோஜாக்கள்'. அதில் புருஷன்தான் கொலைகாரன் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. "நம்மூர்க்காரர் படம்" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனார்.

அதன் பிறகு ஒரு வாரம் அந்த அம்மாள் விளக்கை அணைக்கவிடவில்லை. கண்ணை மூடினால் பக்கத்தில் படுத்திருப்பவர் கமலாகிவிடுகிறார். எதிர்வீட்டுப் பூனை ஜன்னலில் உட்கார்ந்தால் சமையலறைக்குப் போகமாட்டார். ஒருநாள் அவர் ஆசையாக ரோஜாப் பூ வாங்கி வந்தார். அந்த அம்மாள் அதை வாங்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தக் கதையைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு தீபாவளிகூடப் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை

மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றில் மாலைக் காட்சி. அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். படம் தொடங்குவதற்கு முன்பே கைதட்டினார். பின்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

படத்தின் நாயகன் ஒரு செல்வந்தன். எந்தக் குறையும் இல்லை. ஆனால் பொருட்களைத் திருடாமல் இருக்க முடியாத ஒரு மனக்கோளாறு. நாயகன் வசீகரன் புதுமுகம். நாயகி பிரியாமணி, தமிழுக்கு அப்போது புதுசு. கதையைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாம் இருந்தும் திருடுகிறவனுக்குள் என்னதான் இருக்கும் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் படம் ஓட ஓட மகள் இருக்கையில் நெளிந்தாள். பாட்டு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்ததும் மறுபடி சாய்ந்தாள். அம்மா முதலில் ஒரு வசனத்துக்குச் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. இடைவேளையில் அவர் மூன்று பாப்கார்ன் வாங்கி வந்து, "எப்படி?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார் மனைவி.

மகள் பாப்கார்னைத் தின்றாள்.

படம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மகளால் அடக்க முடியவில்லை. "அப்பா, ரொம்ப மோசம்பா. ஒரு இடத்துலகூட எனக்குப் பயம் வரல. அவன் மாட்டிப்பானான்னு ஒரு செகண்டுகூடத் தோணல. ஹீரோ வீடு, டிரெஸ்ஸு எல்லாம் ஏதோ விளம்பரப் படம் மாதிரி இருக்கு. அவருக்கு இந்த உலகமே தெரியலப்பா. வயசாயிடுச்சு. நிறுத்திக்கலாம் அவரு."

பஸ் வந்தது. ஏறினார்கள். நந்தனம் வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் வேகமாக முன்னால் நடந்துபோய்விட்டார்.

மூன்று நாள் அவர் மகளிடம் பேசவில்லை. "பாப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்வார். மகள் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

கமா போடும் இடம்

நாலாம் நாள், துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோது அம்மா மகளிடம் சொன்னார்.

"படத்தைத் திட்டினதுக்கு உங்கப்பா கோவிச்சுக்கலடி."

"அப்புறம் எதுக்காம்?"

"வயசாயிடுச்சு, நிறுத்திக்கணும்னு சொன்னே பாரு. அதை ஆபீஸ்ல அவரை யாரோ சொல்லியிருக்காங்க."

அவருக்கு அப்போது 54 வயது. செக்‌ஷனில் கண்காணிப்பாளர். கோப்புக்குக் குறிப்பு எழுதுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியவர். ஒரு பத்தியில் விஷயத்தைச் சொல்லி, அடுத்த பத்தியில் விதியைச் சொல்லி, மூன்றாவது பத்தியில் மேலதிகாரி கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் செய்துவிடுவார். எங்கே கமா போட வேண்டும் என்று இளைஞர்களுக்குப் பாடம் எடுப்பார்.

அந்த ஆபீஸில் அப்போது கம்ப்யூட்டர் வந்திருந்தது. புதிதாக வந்த மேலதிகாரிக்கு அவர் மகன் வயது இருக்கும். கையால் எழுதிய குறிப்பைத் திருப்பி அனுப்பி, "டைப் பண்ணிக் கொண்டு வரச் சொல்லுங்க, அரைப் பக்கத்துக்கு மேல வேண்டாம்" என்றாராம். பக்கத்து சீட்டுக்காரர் சமாதானமாக, "விடுங்க சார், நமக்கெல்லாம் வயசாச்சு. பேசாம வி.ஆர்.எஸ். வாங்கிட்டுப் போயிடலாம்" என்று சிரித்திருக்கிறார். படத்துக்குப் போவதற்குச் சரியாக இரண்டு நாள் முன்னால்.

மகளுக்கு வாயில் வைத்த கிளிப் கீழே விழுந்தது.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா மட்டும் படம் நல்லாயிருக்குன்னு சொல்லியிருப்பியா?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. பொய் சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் கடைசி இரண்டு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். படம் மோசம் என்பது படத்தைப் பற்றிய பேச்சு. நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது மனிதரைப் பற்றிய பேச்சு.

பூனையும் குண்டும்

சனிக்கிழமை அவள் சி.ஐ.டி. நகர் சிடி கடைக்குப் போய் 'சிகப்பு ரோஜாக்கள்' எடுத்து வந்தாள். ஒன்றும் சொல்லாமல் பிளேயரில் போட்டாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். இளையராஜாவின் இசை தொடங்கியதும் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது. பத்து நிமிஷத்தில் அது மடியில் கிடந்தது.

இவள் அந்தப் படத்தைத் துண்டு துண்டாக டி.வி.யில் பார்த்திருந்தாளே தவிர, முழுதாகப் பார்த்ததில்லை. சாரதா அந்தப் பங்களாவில் தனியாக நடக்கும் கட்டத்தில் மகள் தன்னையறியாமல் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டாள். அதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் பார்த்தார்.

"அப்பா, கிளாஸ்ல ஹிட்ச்காக் சொன்ன ஒரு விஷயம் சொல்லித் தந்தாங்க" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "ரெண்டு பேர் மேஜையில உட்கார்ந்து சும்மா பேசிக்கிட்டிருக்காங்க. திடீர்னு குண்டு வெடிக்குது. நமக்கு ஒரு நொடி அதிர்ச்சி. அவ்வளவுதான். அதுவே, மேஜைக்கு அடியில குண்டு இருக்குன்னு நமக்கு முன்னாடியே தெரியும், அவங்களுக்குத் தெரியாதுன்னு வச்சுக்கோங்க. அவங்க பேசற ஒவ்வொரு வார்த்தைக்கும் நாம நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம். இதுல அதான் நடக்குது. இவன் யாருன்னு நமக்கு முதல்லயே தெரிஞ்சுடுது. அவளுக்குத் தெரியல. அவ சிரிக்கச் சிரிக்க நமக்குப் பயம் வருது."

அவர் டி.வி.யைப் பார்த்தபடியே கேட்டார். "அந்தப் படத்துல குண்டு இல்லையா?"

"இருந்திருக்கலாம்பா. ஆனா மேஜை ரொம்ப அழகா இருந்துச்சு. எல்லாரும் மேஜையையே பாத்துட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் முதல் தடவை.

"எனக்கும் தெரிஞ்சது பாப்பா. இன்டர்வெல்லுக்கு முன்னாடியே தெரிஞ்சது, ஓடாதுன்னு."

"அப்புறம் ஏம்ப்பா கோவிச்சுக்கிட்டீங்க?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, 1977-ல் அந்தச் செக்‌ஷனில் டீ குடிக்கப் போனாலும் வாய் திறக்காமல் இருந்ததைச் சொன்னார். அவள் அதுவரை கேள்விப்படாத கதை. ரோஜாப் பூ கதையை நூறு தடவை சொன்னவர், இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "அந்த ஆள் எனக்கு நாக்கைத் திருப்பிக் குடுத்தாரு. அவரு சரியாப் பேசலைன்னா, நான் எப்படிச் சொல்லுவேன், பேசாதீங்கன்னு?"

படம் முடியும் தருவாயில் மகள் இன்னொன்றைச் சொன்னாள். "ஆனா அப்பா, இதுலயும் எனக்கு ஒண்ணு பிடிக்கல. அவன் கொலைகாரன் ஆனதுக்குக் காரணமே பொண்ணுங்கதான்னு வச்சிருக்காங்க. சின்ன வயசுல பொண்ணுங்க ஏமாத்தினாங்களாம், அதனாலயாம். செத்துப் போனவங்க மேலயே பழி."

அவர் புருவத்தைச் சுருக்கினார். 26 வருடம். எத்தனை தடவை பார்த்திருப்பார். அப்படி யோசித்ததே இல்லை. "கதைக்கு ஒரு காரணம் வேணும்ல" என்று இழுத்தார்.

சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றிருந்த அவர் மனைவி சொன்னார்: "எனக்கு அன்னிக்கே தோணுச்சுங்க."

"என்னைக்கு?"

"படம் பாத்த அன்னிக்கே. புருஷங்காரன் கொலைகாரனா இருக்கான். பாத்துட்டு வெளிய வந்தவங்க எல்லாரும், பாவம் அவன், பொம்பளைங்கதான் அவனை இப்படி ஆக்கிட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க. நீங்களும்தான் பேசினீங்க. அதுக்குத்தான் ஒரு வாரம் லைட்டை அணைக்கல. பூனைக்கு இல்ல."

கூடத்தில் யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் கால் நூற்றாண்டாகச் சொல்லிச் சிரித்த கதைக்கு இப்படி ஒரு அர்த்தம் இருந்தது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் எழுந்துபோய் பிளேயரை நிறுத்தினார். "ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று கேட்க வாயெடுத்தவர், கேட்கவில்லை. அவருக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆன பெண், மெட்ராஸில், யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள்?

"இனிமே சொல்லிடு" என்று மட்டும் சொன்னார்.

ஏறும் இறங்கும்

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாரதிராஜாவைப் பற்றிப் பேசுவது சுலபமாகிவிட்டது. 'டிக் டிக் டிக்'கில் எது நன்றாக இருந்தது, 'ஒரு கைதியின் டைரி' ஏன் இன்னும் அலுக்காமல் ஓடுகிறது என்று மூன்று பேரும் வாதம் செய்தார்கள். 'முதல் மரியாதை'யையும் 'வேதம் புதிது'வையும் எடுத்தவர் இதை எப்படி எடுத்தார் என்று மகள் ஒருநாள் ஆச்சரியப்பட்டபோது, அவர் அவளுடைய பாடப் புத்தகத்திலிருந்தே பதில் சொன்னார். "உன் ஹிட்ச்காக்கு 1960-ல 'சைக்கோ' எடுத்தாரு. 69-ல 'டோபாஸ்' எடுத்தாரு, யாருக்கும் பிடிக்கல. 72-ல 'ஃப்ரென்ஸி' எடுத்து மறுபடி எழுந்தாரு. நிறுத்திக்கோன்னு சொல்லியிருந்தா?" அவள் புத்தகத்தை அவர் எப்போது படித்தார் என்று அவளுக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரையும் அவளிடம்தான் கற்றுக்கொண்டார். தமிழ் டைப்பிங் பழக இரண்டு மாதம் ஆயிற்று. அரைப் பக்கக் குறிப்பு எழுதுவதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "மூணு பத்தியை ஒண்ணாச் சுருக்கணும். கமா போடவே இடம் இல்ல" என்று புலம்புவார். ஆனால் எழுதினார்.

அதே 2004-ல் மணிரத்னத்தின் 'ஆய்த எழுத்து' வந்தது. அதில் அரசியல்வாதி செல்வநாயகமாக பாரதிராஜா நடித்திருந்தார். அதற்கும் வசனம் சுஜாதா. சில மாதங்களுக்கு முன்னால் தோற்ற அதே இருவர்தான் இதிலும். வேட்டியை மடித்துக்கொண்டு அலட்டாமல் மிரட்டும் அந்த மனிதரைப் பார்த்துவிட்டு மகளே சொன்னாள்: "அப்பா, உங்க ஆளு பயமுறுத்திட்டாருப்பா."

பிரியாமணிக்கு 'பருத்திவீரன்' படத்துக்காக தேசிய விருது கிடைத்தபோது, "யாரு முதல்ல தமிழுக்குக் கூட்டிட்டு வந்தது?" என்று அவர் கேட்டார். தோற்ற படத்திலிருந்தும் ஏதோ ஒன்று மிஞ்சியதில் அவருக்கு ஒரு திருப்தி.

2008 டிசம்பரில் 'பொம்மலாட்டம்' வந்தது. மறுபடியும் த்ரில்லர். அவருடைய கதாநாயகிகளின் சாவில் சந்தேகத்துக்கு ஆளாகும் சினிமா டைரக்டராக நானா படேகர். விசாரிக்க வரும் அதிகாரியாக அர்ஜுன். அந்த ஆண்டுதான் இவர் ஓய்வு பெற்றிருந்தார். அப்பாவும் மகளும் மட்டும் போனார்கள். இடைவேளையில் அவரே கேட்டார்: "குண்டு இருக்கா?"

"இருக்குப்பா. கொஞ்சம் லேட்டா வச்சிருக்காரு."

"எனக்கு அந்த டைரக்டர் தனியா உட்கார்ந்திருக்கிற இடம் போதும்" என்றார். அவர் அப்போது வேலை இல்லாமல் தனியாக உட்காரப் பழகிக்கொண்டிருந்தார்.

2013 தீபாவளிக்கு சுசீந்திரன் இயக்கத்தில் 'பாண்டிய நாடு' வந்தது. மதுரைக் கதை. மூத்த மகனைக் கொலையில் பறிகொடுக்கும் சாதாரண அப்பாவாக பாரதிராஜா. பழிவாங்க ஆள் தேடி, தெரியாத உலகத்தில் தடுமாறும் கிழவர். இளைய மகன் விஷாலும் அதே வில்லனைக் கொல்லக் கிளம்புகிறான். அப்பாவுக்கு மகனின் திட்டம் தெரியாது. மகனுக்கு அப்பாவின் திட்டம் தெரியாது. நமக்கு இரண்டும் தெரியும்.

தியேட்டரில் மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மேஜைக்கு அடியில் குண்டு டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர் பாரதிராஜா.

வெளியே வந்ததும் அவர், "இதை அவரு டைரக்ட் பண்ணல. தெரியும். ஆனா அந்த நடையைப் பாத்தியா? பையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நடக்கிறது. அது எங்க ஊரு நடை" என்றார்.

மூன்றாவது டிக்கெட்

2022-ல் 'திருச்சிற்றம்பலம்' வந்தபோது அவருக்கு 72 வயது. மனைவிக்கு முட்டி வலி, வரவில்லை. மூன்றாவது டிக்கெட் பேரனுக்கு. எட்டு வயது. நந்தனத்தில் மெட்ரோ ஏறினார்கள். ஒருகாலத்தில் பஸ்ஸில் பேசாமல் வந்த அதே அண்ணா சாலைக்கு அடியில் ரயில் போய்க்கொண்டிருந்தது. எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கி மால் தியேட்டருக்கு நடந்தார்கள்.

படத்தில் தாத்தாவாக பாரதிராஜா. பேரன் தனுஷ். நடுவில், மகனோடு பேசாத அப்பாவாக பிரகாஷ்ராஜ். வீட்டுக்குள் பேச்சு நின்றுபோன இரண்டு பேருக்கும் நடுவில் பேசிக்கொண்டே இருக்கும் கிழவர். படம் முழுக்கப் பேரன் சிரித்தான். இவர் ஓரிரு இடங்களில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பும்போது மெட்ரோவில் பேரன் கேட்டான்: "தாத்தா, அந்தத் தாத்தா ஆக்டரா?"

"இல்லடா. டைரக்டர்."

"என்ன படம் எடுத்தாரு?"

அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "16 வயதினிலே. கிழக்கே போகும் ரயில். சிகப்பு ரோஜாக்கள், அது நீ பெரியவனானப்புறம் பாக்கலாம், பாட்டிகிட்ட கேட்டுட்டு. ஒரு கைதியின் டைரி. முதல் மரியாதை. வேதம் புதிது. கிழக்குச் சீமையிலே. கருத்தம்மா. கண்களால் கைது செய்..."

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது நல்லா இருக்குமா தாத்தா?"

"இருக்காது" என்றார் அவர். "ஆனா எடுத்தாரு. அதையும் சேத்துத்தான் எண்ணணும்."

ரயில் தேனாம்பேட்டையைத் தாண்டியது. அவர் மடக்கிய விரலை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த படத்தின் பெயரை யோசித்துக்கொண்டிருந்தார். நந்தனம் வந்துவிட்டது. மகள்தான் எழுப்பிக் கூட்டிப்போனாள்.